குடும்பப் படங்களில் உடையும் நிலையும்: கருணாபுரத்துச் சுவர்களை முன்னிட்டு ஒரு நோக்கு

துக்க வீட்டிற்குச் சென்று ஆறுதல் கூறுதல் போதகரின் பணிகளுள் ஒன்று. அவ்வீட்டில் அவர் அமரும் இடத்திற்கு எதிரே, சுவரில், பெரும்பாலும் ஒரு படம் தொங்கும். மாலை சூட்டி, கீழே சிறு மின்விளக்கு எரிய, தோன்றிய நாளும் மறைந்த நாளும் பொறிக்கப்பட்ட படம் அது. நாட்கூலிக்கு மூட்டை சுமந்தவரும் சுவருக்கு வண்ணம் பூசியவரும் அப்படத்தில் கறுப்புக் கோட்டும் டையும் அணிந்து காட்சி தருவர். குடும்ப அட்டைக்கோ வாக்காளர் அட்டைக்கோ எடுத்த சிறு படத்திலிருந்து முகத்தை மட்டும் பிரித்தெடுத்து, தம்மிடம் ஆயத்தமாக உள்ள கோட்டுப் படம் ஒன்றின்மேல் அதனைப் பொருத்தி ஸ்டுடியோக்காரர் தருகின்றனர். கழுத்தும் கோட்டும் சேருமிடத்தில் நிறம் சற்றே வேறுபட்டிருக்கும். அதனைக் கண்ட நம்மில் பலர், வெளியே வந்தபின், இவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் கோட்டு அணிந்திருப்பாரா என்று மெல்ல நகைத்துக்கொள்வதுண்டு. நாமும் நகைத்திருக்கிறோம். அந்நகைப்பு சரியானதுதானா என்பதே இக்கட்டுரையின் வினா.

கள்ளக்குறிச்சி நகரைச் சேர்ந்த கருணாபுரம் இவ்வினாவை நம்முன் கூர்மையாக வைக்கிறது. 2024ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 18, 19 ஆகிய நாள்களில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தை அருந்திய பலர் அங்கும் அதனை அடுத்த ஊர்களிலும் வீழ்ந்தனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் நாட்கூலித் தொழிலாளர். பட்டியல் இனத்தவர் பலர். இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வீதம் அரசு அறிவித்தபோது, குடித்துச் செத்தவர்களுக்குப் பணமா என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது. திருச்சபை மக்கள் நடுவிலும் அப்பேச்சு எழாமல் இல்லை.

அந்நாள்களில் ஒரே மனிதரைப் பற்றி இரு வகைப் படங்கள் நிலவின எனலாம். ஒன்று, செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் காட்டிய படம்: மருத்துவமனைக் கட்டிலில் நினைவிழந்து கிடக்கும் உருவம். மற்றொன்று, வீட்டார் தம் சுவரில் மாட்டிய படம். முதற்படத்தை ஊர் நம்பியது. இரண்டாவது படத்தைப் பொய் என்று எண்ணியது. இவ்விரண்டனுள் எது உண்மை கூறுகிறது என்று தீர்ப்பதற்கு முன், உடையும் குடும்பப் படமும் நம் நாட்டில் எவ்வாறு உறவுகொண்டு வந்தன என்பதைச் சிறிது பின்னோக்கிக் காண்பது தேவையாகிறது.

உடையே பெயராக நின்ற படங்கள்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தஞ்சையிலிருந்த ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர்க்கென ஒரு வகைப் படத்தொகுதிகளை வரைந்து விற்றனர். ஒவ்வொரு தாளிலும் ஒரு கணவனும் மனைவியும் நிற்பர். பின்புலம் வெறுமையாக இருக்கும். கையில் தொழிற்கருவி இருக்கும். அடியில் சாதியின் பெயரோ தொழிலின் பெயரோ எழுதப்பட்டிருக்கும். இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இத்தகைய தொகுதிகள் இன்றும் பேணப்படுகின்றன. வண்ணத்தின் நேர்த்தியும் துணியின் மடிப்பை வரைந்த நுணுக்கமும் போற்றத்தக்கவை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இவற்றைக் குடும்பப் படம் என்று அழைக்கலாமா? கணவனும் மனைவியும் இருக்கின்றனர், இல்லம் இல்லை. முகம் இருக்கிறது, பெயர் இல்லை. முழங்காலுக்கு மேல் ஏறிய வேட்டி, தோள் மறைக்காத சேலை, தலைப்பாகையின் கட்டு, காதணியின் அளவு ஆகியவை ஒரு மனிதரைப் பற்றிப் பேசவில்லை. அவர் வைக்கப்பட்ட படியைப் பற்றிப் பேசுகின்றன. ஓவியர் பொய் வரையவில்லை. ஆனால் அவ்வுடை அவர்தம் விருப்பமா, அவர்மேல் சுமத்தப்பட்ட விதியா என்பதை அத்தாள் கூறுவதில்லை. விதி இயல்பாகத் தோற்றமளிக்கிறது. பறவையின் சிறகைப்போல அவ்வுடையும் உடலோடு பிறந்தது என்று காண்பவர் எண்ணிக்கொள்கிறார்.

ஒளிப்படக் கருவி வந்தபின்னும் இப்பார்வை மாறவில்லை. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தவர் அவர். அத்தொகுதிகளிலுள்ள படங்களில் நிற்போர் மாதிரிகளாக நிற்கின்றனர். பெயருடைய மனிதராக நிற்போர் அரியர். மலையாளிகள் என வழங்கப்பெறும் மலைக்குடியினரும் அத்தொகுதிகளில் இடம்பெறுகின்றனர். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையில் வாழ்வோர் அம்மக்களே. அம்மலை மூன்று ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் 1976ஆம் ஆண்டுவரை இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே அரசு அதனை முழுமையாகத் தன் பொறுப்பில் ஏற்றது. இவ்வரலாற்றை அறியாதோர் 2024இல் அம்மலையைப் பற்றி அறிந்துகொண்டதெல்லாம், அங்கே சாராயம் காய்ச்சுகின்றனர் என்பதொன்றே. தர்ஸ்டன் காலத்துப் பார்வை வேறு உருவில் தொடர்கிறது என்று கூறுவது மிகையாகாது.

பிறர் குடும்பத்துள் ஓர் ஓரம்

இதே காலத்தில் ஐரோப்பியர் தம் குடும்பங்களை எவ்வாறு வரைவித்தனர் என்பதும் நோக்கத்தக்கது. யோகான் சொஃபானி என்னும் ஓவியர் இந்தியாவில் தங்கியிருந்தபோது 1786இல் வரைந்த கர்னல் பிளேர் குடும்பத்தின் படம் இலண்டன் டேட் காட்சியகத்தில் உள்ளது. கர்னலும் அவர் மனைவியும் அமர்ந்துள்ளனர். மூத்த மகள் பியானோவின் முன் இருக்கிறாள். இளைய மகளின் அருகே, கையில் பூனையுடன், ஓர் இந்தியச் சிறுமி நிற்கிறாள். படத்தின் தலைப்பு அவளை ஆயா என்று அழைக்கிறது. அவளோ இளம்பெண். அவளுடைய பெயரை அத்தலைப்பு கூறவில்லை.

பட்டும் மெல்லிய துணியும் அக்குடும்பத்தின் நிலையைக் காட்டுகின்றன. அச்சிறுமியும் அதற்காகவே அங்கே நிற்கிறாள். அவளை வைத்திருத்தல் அக்குடும்பத்தின் செல்வத்திற்கு ஒரு சான்று. வீட்டுக்குள் இருந்தும் குடும்பத்துள் இல்லாத நிலை அவளுடையது. தஞ்சைத் தாள்களில் கணவனும் மனைவியும் இல்லமின்றி நின்றனர். இங்கே ஒரு சிறுமி தன் இல்லமின்றிப் பிறர் இல்லத்தில் நிற்கிறாள். எளியோர் தம் சொந்தக் குடும்பத்தின் நடுவே, தம் பெயருடன், தாம் தெரிந்தெடுத்த உடையில் ஒரு படத்தில் அமர்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று என்பதை இவ்விரு வகைப் படங்களும் நமக்கு உணர்த்துகின்றன.

மிஷன் படங்களும் லேகியோனின் கதையும்

இனி நம் சொந்த வீட்டிற்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டு மிஷன் இதழ்களிலும் நூல்களிலும், மனந்திரும்பிய குடும்பம் என்ற பொருளில் அச்சான படங்களை நாம் அறிவோம். வெண்ணிற உடை, வாரிய தலை, கையில் புத்தகம், தோளை மூடிய பெண்கள். நற்செய்தியின் கனி இவ்வுடையில் காணப்படுகிறது என்பது அப்படங்களின் வாதம். லூக்கா 8ஆம் அதிகாரத்தில் வரும் கதரேனர் நாட்டு மனிதனின் கதை அவ்வாதத்திற்குத் துணையாக நிற்கிறது. ஆடையின்றிக் கல்லறைகளில் திரிந்த அவன், பேய்கள் நீங்கியபின், உடுத்தியவனாய் இயேசுவின் பாதத்தருகே அமர்ந்திருக்கிறான். பின் தன் வீட்டிற்கு அனுப்பப்படுகிறான்.

ஆனால் இக்கதையைத் தென் திருவிதாங்கூர் மக்கள்மேல் பொருத்தும்போது ஒரு பெரும் பிழை நேர்கிறது. அங்கே நாடார் குலப் பெண்கள் தோளை மூடாதிருந்தது பேயின் செயலன்று, சட்டத்தின் செயல். அவர்கள் மூடக்கூடாது என்று நாட்டு வழக்கும் அரசும் விதித்திருந்தன. இலண்டன் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த மீட், மால்ட் முதலியோரின் குடும்பத்தார் பெண்களுக்கெனக் குப்பாயம் தைப்பித்தனர். கிறிஸ்தவப் பெண்களோ அதனோடு நிற்கவில்லை; உயர்குலப் பெண்களைப்போல மேலாடையும் அணிந்தனர். சந்தைகளில் அவர்களுடைய ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1829ஆம் ஆண்டின் அரசாணை குப்பாயத்தை ஏற்றது, மேலாடையை மறுத்தது. மீண்டும் 1858இல் கலகம் மூண்டது. 1859 ஜூலை 26ஆம் நாள் வெளியான பிரகடனம், மார்பை மூடிக்கொள்ளலாம் என்று இசைந்தது. ஆயினும் உயர்குலப் பெண்கள் உடுத்தும் முறையில் அன்று என்று வரம்பும் கட்டியது. உடலை மூடுவது அவ்வளவு பெரும் குற்றமாகக் கருதப்படவில்லை. ஒருவரைப்போல் மற்றொருவர் தோன்றுவதே குற்றமாகக் கருதப்பட்டது.

குப்பாயத்தைத் தந்தவர்களின் அன்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்கள் அடைந்த இன்னல்களும் மெய்யே. எனினும் மிஷன் படம் ஒரு செய்தியை மறைத்தது. அது ஆடையின்மையை மக்களின் ஆவிக்குரிய இருளாகக் காட்டிற்று. ஆடையை மிஷனின் ஈகையாகக் காட்டிற்று. தடுத்தவர் படத்தில் இல்லை. தடையை மீறி, அடியுண்டு, தாமே உடுத்திக்கொண்ட பெண்களின் துணிவும் படத்தில் இல்லை. விதியால் வந்த குறையைக் குணத்தால் வந்த குறையாகக் காட்டுதல் என்னும் இப்பிழையையே கருணாபுரத்தைப் பற்றிப் பேசியோரும் செய்தனர் என்பதை வாசகர் கருதுவாராக.

அத்திருவிதாங்கூர் நாட்டிலேயே, பிரகடனம் வெளிவந்து முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின், 1893இல் இராஜா இரவிவர்மா தம் மகள் மகாபிரபாவை அவருடைய குழந்தையுடன் வரைந்தார். அதோ அப்பா வருகிறார் என்னும் பொருள்படும் தலைப்பை உடையது அப்படம். வெண்ணிறக் கசவு உடையில் தாய் நின்று, குழந்தையை ஏந்தி, வரும் ஒருவரை நோக்குகிறாள். அருகே ஒரு நாயும் நிற்கிறது. நம் நாட்டுக் குடும்பப் படங்களில் புகழ்பெற்ற ஒன்று அது. அவ்வுடையில் போராட்டத்தின் சுவடு ஏதும் இல்லை, அமைதியே உள்ளது. உடுத்தும் உரிமைக்காக அடிபடாத குடும்பத்தின் படம் அவ்வாறு அமைதியாக இருத்தல் இயல்பு. அதே நாட்டில், அதே தலைமுறையில், அடிபட்டு உடுத்திய பெண்களின் குடும்பத்தை இரவிவர்மாவுக்கு ஒப்பான ஓவியர் எவரும் வரையவில்லை. அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் மிஷன் அறிக்கையின் படமே.

இரவல் கோட்டின் வரலாறு

திருவிதாங்கூரில் நிகழ்ந்ததைப் பழங்கதை என்று ஒதுக்குவார் உளராயின், 1930ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஒடுக்கப்பட்டோர்மேல் விதித்த எட்டுத் தடைகளை நோக்குக. அறிஞர் ஹட்டன் 1946இல் வெளியான தம் நூலில் அவற்றைப் பதிவுசெய்துள்ளார். பொன், வெள்ளி அணிகள் கூடாது. ஆண்களின் உடை முழங்காலுக்குக் கீழும் இடைக்கு மேலும் செல்லலாகாது. கோட்டு, சட்டை, பனியன் அணியலாகாது. தலைமயிரைக் கத்தரித்துக்கொள்ளலாகாது. வீட்டில் மட்கலமன்றி வேறு கலம் புழங்கலாகாது. பெண்கள் மேலுடலை மறைக்கலாகாது, பூச்சூடலாகாது. குடையும் செருப்பும் கூடா. இவற்றை மீறியோர் தாக்கப்பட்டனர், குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931இல் தடைகள் பதினொன்றாக வளர்ந்தன.

இக்காலத்திற்குள்ளாகவே தமிழகத்து நகரங்களில் ஸ்டுடியோக்கள் பெருகியிருந்தன. வரையப்பட்ட திரை, மரத்தூண், பூச்சாடி தாங்கிய சிறு மேசை, சாய்வு நாற்காலி ஆகியவை அங்கு இருந்தன. சுவரில் ஆணியில் மாட்டிய கோட்டு ஒன்றும், சீப்பும், முகமாவும் இருந்தன. வருவோர் எவராயினும் அக்கோட்டை இரவலாக அணிந்து படமெடுத்துக்கொள்ளலாம். ஊரில் பனியன் அணியத் தடையிருந்த ஒருவர், நகரத்து ஸ்டுடியோவில் சிறிது பொழுது கோட்டு அணிந்து நாற்காலியில் அமர இயலும். அங்கே எவரும் அவரை எழுந்து நிற்கச் சொல்வதில்லை. அவ்விரவல் கோட்டைப் பகட்டு என்று எவ்வாறு கூறுவது? தன்னிடம் உள்ளதைக் காட்டுவது அதன் நோக்கமன்று. தனக்கு மறுக்கப்பட்டது இன்னது என்பதை அது காட்டுகிறது. இப்பொருளில் அப்படம் பொய்யன்று, முறையீடு.

கருணாபுரம் போன்ற குடியிருப்புகளின் சுவரில் பொருத்தப்படும் கோட்டு இவ்விரவல் கோட்டின் வழித்தோன்றலே. முன்பு உடலின்மேல் ஏறியது, இன்று படத்தின்மேல் ஏறுகிறது. முன்பு உயிரோடிருந்தவர் கேட்டு அணிந்தார். இன்று மாண்டவருக்கு வீட்டார் அணிவிக்கின்றனர். ஊரார் அவரைக் குடிகாரர் என்ற ஒரு சொல்லில் அடக்கியபோது, வீட்டார் மறுமொழியாக உரைத்த சொல் அக்கோட்டு.

துறத்தலும் மறுக்கப்படுதலும்

ஒரு மறுப்பு இங்கே எழக்கூடும். மேனாட்டாரின் கோட்டுக்கு ஏன் இத்துணைப் பெருமை? நம் நாட்டு எளிய உடையன்றோ கிறிஸ்துவின் அடியாருக்கு ஏற்றது? 1921 செப்டம்பரில் காந்தியடிகள் மதுரையில் மேலுடை களைந்து அரையாடை பூண்டார். அதே ஆண்டில் திருப்பத்தூரில் மருத்துவர்களான சவரிராயன் ஏசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவி எளிய கதருடை வாழ்வை மேற்கொண்டனர். இவ்விரு செயல்களும் நம் வணக்கத்திற்குரியன.

ஆயினும் துறத்தல் வேறு, மறுக்கப்படுதல் வேறு. களைவதற்கு முதலில் உடை வேண்டும். சட்டை அணிந்தால் அடிவிழும் நிலையிலிருப்பவன் சட்டையைத் துறக்க இயலாது. அண்ணல் அம்பேத்கரின் வாழ்வு இதற்குச் சான்று. 1901இல் சிறுவராக இருந்தபோது, தந்தையைக் காண உடன்பிறந்தோருடன் கோரேகாவுக்குச் சென்ற பயணத்தை அவர் தம் நினைவுக் குறிப்புகளில் விவரிக்கிறார். சிறுவர் யாவரும் புத்தாடையும் சரிகைத் தொப்பியும் அணிந்திருந்தனர். அவர்தம் உடையைக் கண்ட இரயில் நிலைய அதிகாரி அவர்களைப் பிராமணப் பிள்ளைகள் என்றே எண்ணி அன்புடன் வினவினார். மகார் என்று விடை வந்தவுடன் அவர் முகம் மாறிற்று. வண்டி கிடைப்பதும் குடிநீர் கிடைப்பதும் அதன்பின் அரிதாயின. உடை ஒருவரைச் சிறிது நேரமே காக்கும் என்பதை அச்சிறுவர் அன்றே அறிந்துகொண்டார்.

அறிந்திருந்தும் அவர் கோட்டைக் கைவிடவில்லை. 1934 பிப்ரவரியில் மும்பையில் அவருடைய இராஜகிருகம் இல்லத்தில் எடுத்த குடும்பப் படம் ஒன்று பலரும் அறிந்தது. மகன் யஷ்வந்த், மனைவி இரமாபாய், தமையனாரின் மனைவி இலட்சுமிபாய், அவர் மகன் முகுந்த் ஆகியோர் நடுவே அம்பேத்கர் அமர்ந்துள்ளார். வளர்ப்பு நாயும் உண்டு. அடுத்த ஆண்டு மே திங்களில் இரமாபாய் மறைந்தார். தஞ்சைத் தாளில் இல்லாத பெயர் இப்படத்தில் ஒவ்வொருவருக்கும் உண்டு. பிளேர் குடும்பப் படத்தின் ஓரத்தில் நின்ற சிறுமிக்கு இல்லாத இல்லமும் உண்டு. நாடெங்கும் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளில் நீலக் கோட்டுடன் நிற்கும் அவருடைய சிலையும், வீட்டுச் சுவரிலுள்ள அவருடைய படமும் மேனாட்டு மோகத்தின் அடையாளங்கள் அல்ல. அருகிலேயே கோட்டுப் பொருத்திய தந்தையின் படமும் தொங்குமாயின், அவ்விரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

கோட்டு மறைப்பவை

நாம் இதுவரை கூறியவற்றால் ஸ்டுடியோப் படத்தைக் குறையற்றது என்று கருதுவதாக எவரும் கொள்ளவேண்டா. அதுவும் சிலவற்றை மறைக்கிறது. பழைய குடும்பப் படங்களில் கணவர் அமர்ந்திருப்பார். மனைவி நாற்காலியின் பின்னே நிற்பார். கோட்டு ஆணுக்கே உரியது. பெண்ணோ பட்டுச்சேலையிலும், சிலவேளை இரவல் நகையிலும், குடும்பத்தின் நிலையைத் தன் உடலில் சுமக்கிறாள். சாதியின் விதியை எதிர்க்கும் படமே ஆணின் விதியை ஏற்றுக்கொள்கிறது. கருணாபுரத் துயரில் இறந்தோருள் பெண்களும் இருந்தனர். பிழைத்து, கடனையும் பிள்ளைகளையும் சுமந்து நிற்போருள் பெரும்பாலோர் பெண்களே. அவர்களைப் பற்றிய படம் எங்கே என்ற வினாவைக் கோட்டு அணிந்த படம் எழுப்புவதில்லை, நாம்தான் எழுப்பவேண்டும்.

மேலும், அக்கோட்டு உழைப்பை மறைக்கிறது. அவர் சுமந்த மூட்டை, நின்ற வெயில், உடல்வலி தீரக் குடித்த மலிவான சாராயம், அதனை விற்றவரின் ஆதாயம் ஆகியவை ஒன்றும் அதில் தெரியா. முறையீடு என்பது தீர்ப்பு ஆகிவிடாது. சுவரில் கோட்டு ஏறியதனால் கூலி ஏறிவிடவில்லை. ஆகவே அப்படத்தைப் போற்றிப் பேசிவிட்டு அமைதி அடைவதும் ஒருவகை நகைப்பே.

நம் சுவர்கள்

இறுதியாக, திருச்சபையின் சுவர்களை நோக்குவோம். நம் ஆலயங்களின் வெஸ்ட்ரி அறைகளிலும் இறையியல் கல்லூரிகளின் கூடங்களிலும் வரிசையாகப் படங்கள் தொங்குகின்றன. மிஷனெரிமார், பேராயர்கள், முதல்வர்கள், செயலர்கள் என நீண்ட கோட்டும் அங்கியும் அணிந்தோர் அங்கே உளர். ஆலய மணி அடித்தவர், தரை பெருக்கியவர், ஊர் ஊராக நடந்து வேதம் வாசித்துக் காட்டிய பெண் ஊழியர் ஆகியோரின் படங்கள் எத்தனை ஆலயங்களில் உண்டு? தரங்கம்பாடியில் 1733 டிசம்பர் 28ஆம் நாள் ஆரோன் முதல் தமிழ்ப் போதகராக அருட்பொழிவு பெற்றதை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அவர் காலத்தில் தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக நெடுங்காலம் உழைத்த இராஜநாயக்கனுக்கு அவ்வங்கி கிடைக்கவில்லை. அவர் பிறப்பால் பறையர். அவர் கையிலிருந்து நற்கருணை பெற மற்றச் சாதிக் கிறிஸ்தவர் இசையமாட்டார் என்று அஞ்சினர். கோட்டு அணியத் தடை விதித்தோர் ஊரில் மட்டும் இருந்தனர் என்று கூறும் தகுதி நமக்கு இல்லை.

யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் பொன் மோதிரமும் பளபளப்பான உடையும் அணிந்தவன் ஒருவனும், அழுக்கான உடையணிந்த ஏழை ஒருவனும் கூட்டத்திற்குள் வருகின்றனர். அப்போஸ்தலர் அவ்வேழையின் உடையை மாற்றச் சொல்லவில்லை. சபையார் அவனுக்குக் காட்டும் இடத்தையே மாற்றச் சொல்கிறார். மிஷன் படங்கள் இதைத் தலைகீழாகப் படித்தன: உடையை மாற்றின, பல சபைகளில் இடத்தை மாற்றவில்லை.

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வீடு திரும்பிய இளைய மகனுக்குத் தந்தை மூன்று பொருள்களை அளிக்கச் சொல்கிறார்: உயர்ந்த உடை, விரலுக்கு மோதிரம், கால்களுக்குப் பாதரட்சை. இராமநாதபுரத்துத் தடைகளை மீண்டும் ஒருமுறை நோக்குக. ஆடை, பொன்னணி, செருப்பு ஆகிய மூன்றும் அப்பட்டியலில் உள்ளன. ஊர் எவற்றைப் பறித்ததோ அவற்றையே தந்தை அளிக்கிறார். மகன் தகுதியுடையவனா, பணத்தை எவ்வாறு அழித்தான் என்று அவர் வினவவில்லை. அவ்வினாவை எழுப்புபவன் வயலிலிருந்து வந்த மூத்த மகனே. குடித்துச் செத்தவர்க்குப் பணமா என்று கேட்டபோது நாம் யாருடைய குரலில் பேசினோம் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப்பார்த்தல் நன்று.

ஆகவே நம் மாணவர்க்கும் உடன் ஊழியர்க்கும் சில கருத்துகளை முன்வைக்கிறோம். துக்க வீட்டில் சுவர்ப்படத்தைக் காணும்போது, அது யார் தெரிந்தெடுத்த படம், எப்போது எடுத்தது, அவர் செய்த தொழில் என்ன என்று கேட்டறிக. அவ்விடையே நல்லடக்க ஆராதனையின் அருளுரைக்கு முதற்பாடம் ஆகலாம். படத்தில் இல்லாதவர் யாவர் என்பதையும் கேட்க. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் ஆவணப் பாதுகாப்புத் திட்டத்தோடு இணைந்து, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்பதிவு செய்துள்ளது. தன்னையும் தன் குடும்பத்தையும் தமிழர் எவ்வாறு காட்டிக்கொண்டனர் என்பதற்கு அவை சான்றாகும் என்று ஆய்வாளர் உணர்ந்துவிட்டனர். சபை மக்களின் பெட்டிகளிலும் சுவர்களிலும் உள்ள படங்களை அவரவர் பெயருடன் பதிவுசெய்யும் பணியை ஒவ்வொரு சேகரமும் மேற்கொள்ளலாம். இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பெயர் கேட்கும் பொறுமையே தேவை.

கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றோர் யாவரும் கிறிஸ்துவையே தரித்துக்கொண்டனர் என்று கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் பவுல் கற்பிக்கிறார். அவ்வுடை இரவலன்று, மாண்டபின் பொருத்தப்படுவதுமன்று. அவ்வுடையைப் பற்றி நாள்தோறும் பிரசங்கிக்கும் நாம், கருணாபுரத்துச் சுவரில் கழுத்தருகே நிறம் மாறித் தோன்றும் ஒரு கோட்டைக் கண்டு இனி நகைக்கமாட்டோம் என்பதே நாம் எடுக்கத்தக்க முதல் தீர்மானம்.